புது அறைச் சுவரில் ஈரம் ஏறுகிறது, வழி சொல்லுங்கோ

மேசன் வேலை தெரிந்த அண்ணாமார் கொஞ்சம் பாருங்கோ. கிளிநொச்சிப் பக்கம், வயற்கரைக் காணி. பழைய வீட்டோடு ஒட்டிச் சீமெந்துக் கல்லில் அம்மாவுக்கு ஒரு அறை இறக்கினோம். மாரி தொடங்கினால் சுவர் முழங்கால் உயரத்துக்குக் கறுத்து, பெயின்ற் கொப்பளித்து, உப்புப் பூத்து, விரலால் தட்டினாலே பூச்சு உதிர்கிறது. பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் மூலையில்தான் மோசம். அத்திவாரத்துக்கு மேல் போட்ட ஈரத்தடுப்புப் படை வெளிநிலத்தைவிட 6 அங்குலமாவது உயர நிற்க வேணும், ஆனால் முற்றத்துக்குக் கிரவல் பறித்த பிறகு அது மண்ணுக்குள் போய்விட்டது. உள்ளுக்குச் சீமெந்தால் திரும்பப் பூசினால் சரி என்கிறார் மேசன், எனக்கு நம்பிக்கையில்லை, ஈரம் அடைபட்டு இன்னும் மேலே ஏறும். ஐப்பசி மழைக்கு முதல் கிரவலை வெட்டி இறக்கி வாய்க்கால் விட்டால் போதுமா? அந்த மூலைக்கு என்ன செய்யலாம்? அம்மாவுக்கு முட்டு வருத்தம், செய்து பார்த்தவர்கள் கட்டாயம் சொல்லுங்கோ.