தோளைக் கெடுக்காமல் உடற்பயிற்சி: உங்கள் அனுபவம் வேண்டும்
வணக்கம். தண்டுவடக் காயத்துக்குப் பிறகு 3 வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, மாற்றுத்திறனாளிகளுக்கும் அதேதான். அதற்காக நாற்காலியை வேகமாகத் தள்ளிப் பழகியதில் வலது தோள் வலிக்க ஆரம்பித்துவிட்டது. தோள் போனால் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதே கஷ்டம். அந்தப் பயம்தான் பெரிது.

தள்ளும்போது நெஞ்சும் முன்தோளும்தான் அதிகம் உழைக்கின்றன. அதனால் முதுகுத் தசைக்காக ரப்பர் பட்டையைக் கதவில் மாட்டி இழுக்கிறேன். ஆனால் உடம்பு முன்னால் சாய்ந்துவிடுகிறது. இடுப்பில் பிடிமானம் இல்லாதவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? நெஞ்சுப் பட்டை கட்டுவீர்களா? அப்புறம், கையால் சுற்றும் சைக்கிள் வைத்திருப்பவர்கள், பெடலை எந்த உயரத்தில் வைத்தால் தோள் வலிப்பதில்லை என்று தயவுசெய்து சொல்லுங்கள்.