சபையார் ஒருவர் உங்கள் முன் வந்து நின்ற தருணம்: அனுபவப் பகிர்வு

பாளைவாசி எழுதியது:

2020 மார்ச் இறுதியில் ஆலயங்கள் பூட்டப்பட்டபின் நாம் எப்படி ஆராதித்தோம் என்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தொலைக்காட்சியில் யூடியூபைப் போட்டுவிட்டு, பாமாலைப் புத்தகமும் கையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். பிரசங்கத்திற்குக் குறைவே இல்லை. நேரில் ஒருநாளும் கேட்கக் கிடைக்காத பிரசங்கிமாரையெல்லாம் ஒரே வாரத்தில் கேட்டுவிட்டேன். சபைக்குப் போய்த்தான் ஆகவேண்டுமா என்ற எண்ணம்கூட எட்டிப்பார்த்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு. திருவிருந்து ஆராதனையில் குருவானவரும் இரண்டொருவரும் மட்டும் பீடத்தருகே நின்றார்கள். சமாதானம் வழங்கும் இடம் வந்தது. தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து முறைமை 1950இல் உருவானபோது, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழிபாட்டைப் பின்பற்றிச் சேர்க்கப்பட்ட பகுதி அது. பீடத்தில் தொடங்கி, ஒருவர் கையை மற்றவர் தம் இரு கைகளுக்குள் வாங்கி, வரிசை வரிசையாகக் கடைசி இருக்கை வரை கைமாறிப் போகும். வீட்டில் நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. ஆலயத்தில் எப்போதும் எனக்கு இடப்பக்கம் உட்காரும் பெரியவர். "சமாதானம், தம்பி" என்றார். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

அவர் மனைவியை இழந்து தனியாக இருப்பவர். யூடியூப் பார்க்கும் வசதி அவரிடம் இல்லை. ஆராதனைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, குருவானவர் பகுதியையும் சபையார் பகுதியையும் தாமே சொல்லி வந்திருக்கிறார் என்பது பின்னர்தான் தெரிந்தது. அந்த ஓர் இடத்தை மட்டும் தனியாளாகச் சொல்லிக் கடக்க அவரால் முடியவில்லை. அடுத்த மாதமும் அழைத்தார். திரும்ப அழைத்தால் எடுக்கமாட்டார். ஆராதனை நடுவில் தொலைபேசியில் பேசுவது அவருக்குப் பிடிக்காத காரியம். நான் சொல்லவேண்டிய பதில் இன்னும் என் வாயிலேயே இருப்பதுபோல ஓர் உறுத்தல். உங்களில் யாருக்காவது இப்படி ஏதேனும் நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

அலைவாய்க்கரையாள் எழுதியது:

எங்கள் ஊர்ப் பெயரை எழுதவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று போகும் கரையில் அதுவும் ஒன்று. 2017 நவம்பர் 30 என்றாலே எங்கள் பக்கத்தில் வேறு விளக்கம் யாரும் கேட்கமாட்டார்கள். ஒக்கிப் புயலில் ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. தேடுதல் போதவில்லை என்று கரையில் இருந்தவர்களே படகெடுத்துத் தேடப் போனார்கள். டிசம்பர் 7 அன்று பங்குத்தந்தையரோடு ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

நான் எழுத வந்தது அதைப்பற்றி அன்று. எங்கள் அன்பியம் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) அதற்கு முன்பு எப்படி இருந்தது என்று கேட்டால், வருகைப் பதிவேடு, வேதவாசகம், கொஞ்சம் விண்ணப்பம், தேநீர், மிக்சர். பங்கு ஆண்டறிக்கையில் எண்ணிக்கை காட்டுவதற்காகவே கூடுகிறோம் என்று நானே கிண்டல் செய்ததுண்டு. என் சித்தப்பா கடலில் இருந்த அந்த நாட்களில், உடன்பிறந்தவர்கள் இருவரையும் கடலில் விட்டிருந்த ஒரு பெண், எங்கள் அன்பியத்தைச் சேர்ந்தவள், தூக்குவாளியில் கஞ்சியோடு எங்கள் வீட்டிற்குள் வந்தாள். சித்தியிடம் ஆறுதலாக ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. கஞ்சியை வைத்துவிட்டு, மூலையில் இருந்த சித்தியின் மகளை மடிக்கருகே இழுத்து, சிக்குப்பிடித்திருந்த தலையை எண்ணெய் வைத்து வாரி, இரட்டைச் சடை பின்னி, நாடா கட்டிவிட்டாள். ஒரு சடை சற்று மேலேறிவிட்டது என்று அவிழ்த்து மறுபடி பின்னினாள். பிறகு தன் வீட்டிற்குப் போய்விட்டாள். அவள் வீட்டில் அழுகைச் சத்தம் எங்களுக்குக் கேட்கும் தூரம்தான்.

உடல் கிடைக்காமல், புகைப்படத்தை வைத்து இரங்கல் திருப்பலி நிறைவேற்றினார்கள். அந்தத் திருப்பலியின் மறையுரையில் ஒரு வரியும் எனக்கு நினைவில்லை. அந்தச் சடையைச் சரிபார்த்துப் பின்னிய கைகளை மட்டும் மறக்க முடியவில்லை.

தெற்குத்தெரு எழுதியது:

இரண்டு பதிவுகளையும் படித்தேன். உண்மையாகவே எழுதியிருக்கிறீர்கள், ஆனாலும் இந்த உரையாடல் போகும் போக்கில் எனக்கு உடன்பாடில்லை. தொலைபேசியில் சமாதானம் சொன்னவரும் கஞ்சி கொண்டுவந்தவரும் நல்லவர்கள். ஆனால், நம்மில் பலர் சபை ஐக்கியம் என்று சொல்லும்போது சொந்தக்காரர்களின் ஐக்கியத்தைத்தான் குறிக்கிறோம். பெண் கொடுத்து எடுக்கும் வட்டத்திற்குள் அன்பு தாராளமாகத்தான் ஓடும்.

என் தகப்பனார் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் ஒரே சபையில் இருந்தார். சந்தா பாக்கி வைத்ததில்லை. அவர் இறந்த அன்று குழி வெட்டுவதற்கு ஏற்பாடு செய்யப் போனேன். வெட்டுபவர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, மிகவும் சாதாரணமாக, "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. நான் வாய் திறப்பதற்குள் கூடவந்த கமிட்டி உறுப்பினர், "தெற்கே" என்றார். அவரும் கெட்டவர் அல்லர். எங்களுக்காகப் பெட்டி வாங்க அலைந்தவரே அவர்தான். அதனால்தான் அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது.

இது புதிய கதை அன்று. 1833இலேயே ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனடியாக, முற்றிலுமாகக் கைவிடவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் அதை எதிர்த்துச் சபையை விட்டே வெளியேறியவர்கள் இருந்தார்கள். ஆதித் திருச்சபையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அப்போஸ்தலர் நடபடிகளின் இரண்டாம் அதிகாரத்தைத்தான் எடுக்கிறார்கள். சகலத்தையும் பொதுவாக வைத்து அநுபவித்தார்களாம். ஆறாம் அதிகாரத்தையும் சற்றுப் புரட்டுங்கள். கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாட விசாரிப்பில் சரியான பங்கு கிடைக்கவில்லை என்று அங்கேயே முறுமுறுப்பு எழுந்துவிட்டது. அப்போஸ்தலர் அதை மூடி மறைக்காமல் ஏழு பேரை நியமித்தார்கள் என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

சகோதரர் தெற்குத்தெரு சொன்னதை மறுக்க எனக்கு முகமில்லை. இருந்தாலும் சொந்தக்காரக் கூட்டம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடக்கூடாது. திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்களாக மாறியவர்கள் தங்கள் ஊர்களிலேயே துன்புறுத்தப்பட்டதால்தான் 1799இல் முதலூர் என்ற குடியிருப்பு உருவானது. பின்னர் மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில், இப்படி நெருக்கப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்தவே 1830இல் ஒரு தருமச் சங்கம் தொடங்கினார்கள். சேர்ந்து இருந்தால்தான் உயிரோடு இருக்கலாம் என்ற நிலையில் பிறந்த சபைகள் இவை. 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டிற்கு ஊழியர்களை அனுப்பியவர்களும் இந்தச் சபையார்தாம். சோறு பொங்கும்போது ஒரு பிடி அரிசியை ஊழியத்திற்கென்று தனிக் கலயத்தில் போட்டுவைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் என் தாயார் காலம் வரை இருந்தது.

என் அனுபவம் சிறியதுதான். அசனத்திற்கு, அதாவது சபையார் சேர்ந்து உண்ணும் பொது விருந்திற்கு, முந்தின இரவு காய்கறி நறுக்க ஊரே உட்கார்ந்திருக்கும் அல்லவா? அன்று, பல ஆண்டுகளாக என்னோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒருவர் (வரப்புத் தகராறு) எனக்கு எதிரே வந்து உட்கார்ந்து, என் முன்னால் இருந்த கத்தரிக்காய்க் குவியலில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். விடியும் வரை நறுக்கினோம். பேசவில்லை. வரப்புத் தகராறும் தீரவில்லை.

இங்கே இளையவர்கள் படிப்பதால் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். துக்க வீட்டிற்குப் போனால் கால்மணி நேரத்திற்கு மேல் உட்காராதீர்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் பேசாமல் இருந்தவரை ஒரு குறையும் சொல்வதற்கில்லை. வாயைத் திறந்தபோதுதான் எல்லாம் கெட்டது. முதல் மூன்று நாட்கள் ஊரே வரும்; அடுத்த மாதம் ஒருவரும் வரமாட்டார்கள்; ஆகையால் நீங்கள் அடுத்த மாதம் போங்கள். போகும்போது மாவோ குழம்போ எதையாவது கொண்டுபோங்கள், ஆனால் பாத்திரத்தைத் திரும்பக் கேட்காதீர்கள். ஜெபித்த புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் போடுவதை அருள்கூர்ந்து நிறுத்துங்கள். வரிசையில் வழக்கமாக உட்காருபவர் இரண்டு ஞாயிறு வரவில்லையென்றால் சேகரகுரு வந்து விசாரிக்கட்டும் என்று இருக்காமல் நீங்களே வீட்டைத் தட்டுங்கள். "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று கலாத்தியர் 6:2இல் எழுதியிருப்பது குருவானவருக்கு மட்டும் எழுதியதா? வியாதியஸ்தர் வீட்டில் பிரசங்கம் கூடாது. ஒரு சங்கீதம் வாசித்தால் போதும். பணத்தேவை தெரிந்தால் கவரில் போட்டு, உங்கள் பெயரை எழுதாமல் கொடுங்கள்.

முகம் காட்டாதவள் எழுதியது:

வாத்தியார் ஐயா, யாரும் கேட்காத ஆலோசனைகளை நீளமாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் பெரும்பாலானவை நல்லவையே. ஆனால், "வீட்டைத் தட்டுங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். என் வீட்டையும் தட்டினார்கள்.

நான் கணவர் வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்த வாரம். ஐக்கிய சங்கத்துப் பெண்கள் நான்கைந்து பேர் வந்தார்கள். அம்மா காப்பி போட்டுக் கொடுத்தார். எல்லோரும் முழங்காலில் நின்றோம். தலைவி கண்களை மூடிக்கொண்டு, தெருவிற்கே கேட்கும் குரலில், "ஆண்டவரே, கணவனை விட்டுப் பிரிந்து வந்திருக்கிற இந்த மகளை" என்று தொடங்கி, எங்களுக்குள் என்ன நடந்தது என்று அவர்கள் நினைத்தார்களோ அதை வரிசையாக ஆண்டவருக்கு அறிவித்தார். ஆண்டவருக்குத் தெரியாத எதையும் அவர் சொல்லவில்லை; பக்கத்து வீட்டாருக்குத் தெரியாதவற்றைத்தான் சொன்னார். நான் கண்ணைத் திறந்து பார்த்தபோது, வந்திருந்தவர்களில் ஒருத்தியும் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் சட்டென்று மூடிக்கொண்டோம்.

கலாத்தியர் 6:2ஐக் காட்டினீர்கள். மூன்று வசனம் தாண்டி, "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே" என்றும் இருக்கிறது. எதைச் சுமக்கக் கேட்கவேண்டும், எதைத் தொடாமல் விடவேண்டும் என்று பிரித்தறியத் தெரியாத ஐக்கியம் மனிதரை நசுக்கிவிடும். இப்போது நகரத்தில் ஒரு பெரிய சபைக்குப் போகிறேன். கடைசி வரிசை. ஆசீர்வாதம் முடிந்ததும் வண்டியை எடுத்துவிடுவேன். என் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. முதலில் அது மிகுந்த நிம்மதியாக இருந்தது. கடந்த மாதம் காய்ச்சலில் கிடந்தபோது, நான் வராததை அங்கே ஒருவரும் கவனித்திருக்கமாட்டார்கள் என்ற எண்ணம் வந்தது. அதனால் நான் பழைய சபைக்குத் திரும்பிவிடுவேன் என்று யாரும் எழுதிவிடவேண்டாம். கண் திறந்து பார்த்த அந்தப் பெண் மட்டும் தனியாக வந்திருந்தால் ஒருவேளை பேசியிருப்பேன்.

குவைத் ஓட்டுநர் எழுதியது:

விடுமுறை நாளில் வேகமாக எழுதுகிறேன். இங்கே எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் ஞாயிறு. ஒரே வளாகத்தில் பல மொழிச் சபைகள் நேரம் பிரித்துக்கொண்டு கூடுகின்றன; எங்கள் நேரம் முடிந்தால் அடுத்த மொழிக்காரர் வாசலில் நிற்பார்கள். ஊரில் யார் எந்தத் தெரு, எந்தப் பிரிவு என்று இங்கே விசாரிக்க நேரமும் இல்லை.

நிறுவனம் சம்பளம் கொடுக்காமல் இழுத்தடித்த சமயம். காணிக்கைப் பை என்னிடம் வந்தபோது வெறுங்கையை உள்ளே விட்டு எடுத்தேன். இதைச் செய்தவர்களுக்கு அந்தக் கூச்சம் தெரியும். ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது, ஒரு பெந்தெகொஸ்தே அண்ணன், சமையல் வேலைக்காரர், என் சட்டைப்பையில் எதையோ திணித்தார். எடுத்துத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "நான் வந்த புதிதில் ஒரு கத்தோலிக்கர் எனக்கு வைத்தார். அவர் ஊருக்குப் போய்விட்டார். இனி நீ யாருக்காவது வை" என்றார். தீனார் எவ்வளவு என்று எழுதமாட்டேன். சம்பளம் வந்தபின் நானும் வைத்தேன். வாங்கியவர் எந்தச் சபை என்று கேட்கவில்லை.

தெற்குத்தெரு அண்ணனுக்கு: இங்கே ஒன்றாக இருக்கும் நாங்கள் ஊருக்கு வந்ததும் அந்தச் சுவரின் அந்தந்தப் பக்கம் போய் நிற்கிறோம் என்பது எனக்கும் தெரியும்.

அலைவாய்க்கரையாள் எழுதியது:

முகம் காட்டாதவள் சகோதரிக்கு: எங்கள் அன்பியத்திலும் அப்படி ஜெபிப்பவர்கள் உண்டு. சடை பின்னியவள் அன்று வாயைத் திறந்திருந்தால் நானும் இதை வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ.

தெற்குத்தெரு சகோதரருக்கு ஒரு கேள்வி. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு நீங்கள் போனீர்களா? வடக்குப் பக்கத்திலிருந்து யாராவது உங்கள் தகப்பனார் கல்லறைக்கு வந்தார்களா?

தெற்குத்தெரு எழுதியது:

போனேன். கல்லறையைக் கழுவிச் செவ்வந்திப்பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தோம். வடக்கிலிருந்து ஒரே ஒரு குடும்பம் வந்தது. என் தகப்பனாரிடம் ஞாயிறு பள்ளியில் படித்தவராம் அந்த மனிதர். தம் பேரனை முன்னால் தள்ளி, அவன் கையாலேயே ஒரு வர்த்தியை ஏற்றச் சொன்னார். காற்றில் இரண்டு முறை அணைந்தது. மூன்றாம் முறை நான் கையை மறைவாகப் பிடித்தேன்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். சுவர் இருக்கிறது. அவரிடம் நேராகவே கேட்டேன்: சுவரை எடுக்கவேண்டும் என்று கமிட்டியில் மனு கொடுத்தால் கையெழுத்துப் போடுவீர்களா? வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மனுவை எழுதிவிட்டேன், தெற்கே உள்ள எல்லா வீடுகளும் கையெழுத்திட்டுவிட்டன. வடக்கிலிருந்து ஒரு கையெழுத்தாவது இருந்தால்தான் கூட்டத்தில் எடுப்பார்கள் என்று செயலாளர் சொல்கிறார். வருகிற சனிக்கிழமை அவர் வீட்டிற்குப் போகிறேன். வாத்தியார் ஐயா, கால்மணி நேரத்தில் எழுந்துவிடச் சொல்லாதீர்கள். இதற்கு அது போதாது.