ஒரே வகை இன்ஜின் இரண்டு: ஒன்றின் ராடை மற்றதற்கு மாட்டலாமா?

கேள்வி

ஒரு பழைய நீராவி இன்ஜினை ஓடும் நிலைக்குக் கொண்டுவரும் குழுவில் தன்னார்வலராக இருக்கிறேன். பிரித்துப் பார்த்ததில், பிஸ்டனின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் இடதுபக்க கனெக்டிங் ராடு லேசாக வளைந்திருக்கிறது. அதே வகையில் இன்னொரு இன்ஜின், ஓடவே ஓடாது என்ற நிலையில், எங்களிடம் நிற்கிறது. அதன் ராடைக் கழற்றி மாட்டிவிடலாம் என்கிறார்கள் பாதிப்பேர். மீதிப்பேர், அப்படிச் செய்தால் இது அந்த இன்ஜினே இல்லை என்கிறார்கள். நான் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

பழைய ஃபிட்டர்

'அந்த இன்ஜினே இல்லை' என்ற கவலையை விடுங்கள். நீராவிக் காலத்துப் பணிமனைகளில் பாய்லரைச் சரிசெய்ய ஃபிரேம், சக்கர வேலையைவிட அதிக நாள் பிடிக்கும். அதனால் தயாராக இருக்கும் வேறு பாய்லரைத் தூக்கி வைத்து வண்டியை அனுப்பிவிடுவார்கள். 1923இல் கட்டிய ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் என்ற பிரிட்டிஷ் இன்ஜின் 2016இல் மறுபடி ஓட வந்தபோது, முன்பு இருந்த ஏ4 வகை பாய்லர் போய் ஏ3 வகை பாய்லர் வந்திருந்தது. அதை யாரும் வேறு இன்ஜின் என்று சொல்லவில்லை.

கவலைப்பட வேண்டியது அளவைப் பற்றி. வரைபடம் ஒன்றுதான் என்று நம்பி மாட்டிவிடாதீர்கள். ராடு மாட்டும் சக்கரத்து முளையான கிராங்க் பின் தேயத் தேய அதைக் கடைந்து சிறிதாக்கியிருப்பார்கள், பின்னைச் சுற்றி ராடுக்குள் இருக்கும் உலோக வளையமான புஷ்ஷை அதற்கேற்பக் குடைந்திருப்பார்கள். அந்த புஷ் உங்கள் பின்னில் உட்காராது, புதிதுதான் போட வேண்டும். அதைவிட முக்கியம், இரு முனை மையங்களுக்கு இடையிலான நீளம். ராடை மாட்டும் முன் பிஸ்டனை சிலிண்டரின் முன்மூடி வரை தள்ளி, அப்புறம் பின்மூடி வரை இழுத்து, இரண்டு இடத்திலும் கிராஸ்ஹெட் (பிஸ்டன் தண்டும் ராடும் சேரும் துண்டு) நிற்கும் இடத்தை, அது வழுக்கி ஓடும் ஸ்லைடு பாரில் கோடு கீறிக்கொள்ளுங்கள். மாட்டிய பின் சக்கரத்தை முழுச் சுற்று சுற்றினால், கிராஸ்ஹெட் அந்த இரு கோடுகளுக்கு உள்ளேயே, இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே இடைவெளி விட்டுத் திரும்ப வேண்டும். ஒரு பக்கம் கோட்டைத் தொட்டால் பிஸ்டன் மூடியில் இடிக்கிறது என்று அர்த்தம். சிலிண்டர் மூடி உடைந்த பிறகு யாரைத் திட்டியும் பயனில்லை. விரிசல் சோதனையும் செய்துவிடுங்கள்.

ஒரு மாற்றுக் கருத்து

ராடு கொடுக்கும் அந்த இன்ஜினுக்காக யாராவது பேச வேண்டுமே. இன்று ராடு, நாளை இன்ஜெக்டர், அடுத்த வருஷம் சக்கரம். வேல்ஸில் பாரி பழைய இரும்புக் களத்திலிருந்து 213 இன்ஜின்கள் மீண்டன. கடைசியில் போனவை பலவும் முன்னால் போனவர்கள் கழற்றியது போக மிஞ்சியவைதான். அவற்றில் ஒன்றான ட்யூக் ஆஃப் க்ளாஸ்டர் என்ற இன்ஜினின் சிலிண்டரை அருங்காட்சியகக் காட்சிக்காக எடுத்துவிட்டிருந்தார்கள். மீட்டவர்கள் புதிதாக வார்த்து 1986இல்தான் ஓட்டினார்கள். உங்கள் வளைந்த ராடை நேராக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் மட்டும் எடுங்கள். எதை எங்கிருந்து எடுத்தோம் என்று எழுதி வையுங்கள், பழைய எண்ணைத் தேய்த்து அழிக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

எண் என்றதும் போய்ப் பார்த்தேன். எங்கள் வளைந்த ராடின் பெரிய முனையில் கெட்டியாக உறைந்த கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுச் சுரண்டினால், அடியில் பஞ்ச் அடித்த எண். எங்கள் இன்ஜின் எண் இல்லை. நிற்கும் இன்ஜினுடையதும் இல்லை, மூன்றாவது ஒன்றினுடையது! பாதிப்பேர், மீதிப்பேர் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஸ்லைடு பாரில் கோடு கீறும் வேலை ஞாயிற்றுக்கிழமை.