பழைய மேக்புக்கில் லினக்ஸ்: மிண்ட்டா, ஃபெடோராவா?

நீலவானம்:
2015 மாடல் மேக்புக் ஏர், 13 அங்குலம், 8 ஜிபி ரேம். மான்டெரே பதிப்போடு இதற்குப் புது மேக்ஓஎஸ் வருவது நின்றுவிட்டது. கீபோர்டும் திரையும் இன்னும் நன்றாகவே இருக்கின்றன, தூக்கிப்போட மனசு வரவில்லை. எழுதுவது, படிப்பது, கொஞ்சம் பைத்தான், இவ்வளவுதான் என் வேலை. லினக்ஸ் எனக்குப் புதுசு. அதன் வகைகளில் (டிஸ்ட்ரோ) மிண்ட் போடு என்று ஒரு நண்பர், ஃபெடோரா போடு என்று இன்னொருவர். எதைப் போடட்டும்?

வேர்ப்பயனர்:
ஃபெடோரா, யோசிக்கவே வேண்டாம். ஆப்பிள் லேப்டாப்பின் உயிரே அந்த டிராக்பேடுதான். 2021-இல் ஃபெடோராவின் டெஸ்க்டாப்பான கனோம் 40 வந்ததிலிருந்து மூன்று விரலை வைத்து இழுத்தால் பணியிடம் விரலோடு ஒட்டிக்கொண்டே நகர்கிறது, பாதியில் நிறுத்தினால் அங்கேயே நிற்கிறது, பின்னால் இழுத்தால் திரும்பி வருகிறது. மேக்கிலிருந்து வருகிறவருக்குக் கை தடுமாறாது. மிண்ட்டிலும் 21.2 முதல் விரல் சைகைகள் உண்டு, ஆனால் அந்த ஒட்டுதல் இல்லை.

திண்ணை:
டிராக்பேடு எல்லாம் அப்புறம். முதலில் வைஃபை வர வேண்டும். இந்த ஏரில் இருப்பது பிராட்காமின் பிசிஎம்4360 சில்லு, இதற்குத் திறமூல டிரைவர் கிடையாது. அந்த நிறுவனம் கொடுத்த மூடிய டிரைவர் ஒன்றுதான் வழி, அதன் கடைசிப் பதிப்பு வந்ததே 2015-இல். அதற்குப் பிறகு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் எது மாறினாலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்தப் பழைய டிரைவருக்கு ஒட்டுப் போட்டுத்தான் ஓட வைக்கிறார்கள். ஆகவே இந்த மெஷினைப் பொறுத்தவரை கெர்னல் எவ்வளவு மெதுவாக மாறுகிறதோ அவ்வளவு நல்லது. மிண்ட் 22, உபுண்டு 24.04 என்ற இன்னொரு டிஸ்ட்ரோவின் மேல் நிற்கிறது, 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். இணையமே இல்லாவிட்டாலும் நிறுவிய பென்டிரைவிலிருந்தே அதன் டிரைவர் மேனேஜர் இந்த வைஃபை டிரைவரை எடுத்துக்கொள்ளும். புதிதாக வருகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். கெர்னல் அடிக்கடி மாறும் ஒரு டிஸ்ட்ரோவில் இருந்தேன். இரவு அப்டேட் கொடுத்துவிட்டுப் படுத்தேன், காலையில் பார்த்தால் மேலே வைஃபை ஐகானே இல்லை. டிரைவர் புதுக் கெர்னலுக்குக் கம்பைல் ஆகவில்லை. அன்று அனுப்ப வேண்டிய கோப்பு அந்த லேப்டாப்பிலேயே கிடந்தது.

வேர்ப்பயனர்:
திண்ணை, அதற்காக ஒரு டிஸ்ட்ரோவையே தள்ளிவிட முடியாது. ஃபெடோரா பழைய கெர்னல்களையும் சேர்த்து மூன்று வைத்திருக்கும். மெஷின் தொடங்கும்போது கெர்னலைத் தேர வைக்கும் கிரப் மெனுவில் முந்தையதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு நிமிடத்தில் வைஃபை திரும்பிவிடும். ஃபெடோராவுக்கான வெளி மென்பொருள் களஞ்சியமான ஆர்பிஎம் ஃப்யூஷனில் அதே டிரைவர் இருக்கிறது, கெர்னல் மாறும்போதெல்லாம் தானாகவே மறுபடி கட்டிக்கொள்ளும். முதல் தடவை மட்டும் போனை யூஎஸ்பியில் செருகி டெதரிங் போட வேண்டும், அவ்வளவுதான்.

திண்ணை:
கிரப் என்றால் என்னவென்றே தெரியாதவருக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதுவும் ஃபெடோராவில் ஒரு பதிப்புக்கு ஏறக்குறைய 13 மாதம்தான் ஆதரவு. பத்து வருஷம் தாண்டிய மெஷினுக்குப் புதுக் கெர்னல் புதிதாக எதைக் கொடுத்துவிடப் போகிறது?

வேர்ப்பயனர்:
பழைய வன்பொருளுக்குப் பெரிதாக எதுவும் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். நான் சொல்வது டெஸ்க்டாப்பை. நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டிருப்பது அதைத்தான், கெர்னலை இல்லை.

எம்ஒன்வாசி:
வேறு மாடல் வைத்திருப்பவர்களும் இதைப் படித்துவிட்டு மிண்ட்டைப் போட்டுப் பார்ப்பார்கள், அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2018 முதல் 2020 வரை வந்த டி2 என்ற ஆப்பிள் பாதுகாப்புச் சில்லு உள்ள மாடல்களில் சாதாரண நிறுவல் கோப்பை (ஐஎஸ்ஓ) போட்டால் கீபோர்டும் டிராக்பேடுமே வேலை செய்யாது. டி2லினக்ஸ் திட்டத்தின் கெர்னல் வேண்டும், வேறு சிஸ்டம் தொடங்குவதைத் தடுக்கும் செக்யூர் பூட் (Secure Boot) அமைப்பையும் முதலில் அணைக்க வேண்டும். ஆப்பிளின் சொந்தச் சில்லுகளான எம்1, எம்2 என்றால் கதையே வேறு. அங்கே அந்தச் சில்லுகளுக்கென்றே லினக்ஸைக் கொண்டுவரும் அசாஹி திட்டம்தான். 2023 டிசம்பரில் வந்த ஃபெடோரா அசாஹி ரீமிக்ஸை மேக்ஓஎஸ் டெர்மினலிலிருந்தே நிறுவலாம், பென்டிரைவ் தேவையில்லை, மேக்ஓஎஸ்ஸையும் அழிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். மிண்ட் அந்தச் சில்லுகளுக்கு வெளியாவதே இல்லை. முதலில் மாடலையும் வருஷத்தையும் பாருங்கள், டிஸ்ட்ரோ எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நீலவானம்:
நேற்று ராத்திரி மிண்ட் போட்டுவிட்டேன். ஆப்ஷன் கீயை அழுத்தியபடி ஆன் செய்தால் மஞ்சள் டிரைவ் படத்துக்குக் கீழே இஎஃப்ஐ பூட் என்று வந்தது. நிறுவி முடித்ததும் வைஃபை பட்டியல் காலி. கொஞ்சம் பயந்துதான் போனேன். திண்ணை சொன்னபடி பென்டிரைவை மறுபடி செருகி, டிரைவர் மேனேஜரில் பிராட்காமைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்தேன், வந்துவிட்டது. கேமரா மட்டும் வேலை செய்யவில்லை. அப்புறம், காப்பி செய்ய வேண்டுமென்றால் கட்டைவிரல் தானாகக் கமாண்ட் கீக்கே போகிறது.

திண்ணை:
கேமராவுக்கு ஃபேஸ்டைம்எச்டி என்ற தனி டிரைவரைக் கட்ட வேண்டும், அதன் ஃபர்ம்வேரை (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) ஆப்பிளின் கோப்பிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். எந்த டிஸ்ட்ரோவானாலும் இந்த வேலை உண்டு, அவசரமில்லை என்றால் விட்டுவிடுங்கள். கமாண்ட் கீக்கு கீபோர்டு அமைப்பில் லேஅவுட், அதற்குள் ஆப்ஷன்ஸ், அதில் இடது வின் கீயையும் இடது கன்ட்ரோலையும் மாற்றிக்கொள்ளும் தேர்வு இருக்கும். அதை டிக் செய்யுங்கள்.

வேர்ப்பயனர்:
அந்தப் பென்டிரைவில் மிண்ட்டை அழித்துவிட்டு ஃபெடோராவையும் ஒருமுறை ஏற்றி, நிறுவாமல் லைவாகவே ஓட்டி, மூன்று விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் மிண்ட்டிலேயே இருங்கள்.