சைக்கிளில் போய் மயிரிழையில் தப்பிய அனுபவம் உண்டா?

அடையாறுவாசி:
எல்.பி. ரோடு, சாயங்காலம், அந்த நெரிசல் உங்களுக்கே தெரியும். ஓரமாக ஒரு கார் நிற்கிறது. தாண்டும் நேரத்தில் டிரைவர் பக்கக் கதவு படக்கென்று திறந்தது. என் இடதுகைப் பிடி கதவு விளிம்பில் மாட்டி, சக்கரம் இடதுபக்கம் மடங்க, நான் வலதுபக்கம் விழுந்தேன், அதாவது ரோட்டுக்குள். பின்னால் வந்த ஷேர் ஆட்டோ பிரேக் போட்டு நின்றபோது, அதன் முன்னால் கட்டியிருந்த எலுமிச்சம்பழமும் மிளகாயும் என் முகத்துக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தன. முழங்கை சிராய்ப்பு ஆறிவிட்டது. ஆனால் காரிலிருந்து இறங்கியவர் முதலில் குனிந்து பார்த்தது கதவில் கீறல் விழுந்திருக்கிறதா என்றுதான். அது மட்டும் இன்னும் ஆறவில்லை.

ஈரோட்டுக்காரன்:
நிற்கிற காரை ஒட்டிப் போனால் இப்படித்தான் சார் ஆகும். எனக்குப் பெரிதாக எதுவும் நடந்ததில்லை, பவானி ரோட்டில் ஒருமுறை நாய் துரத்தியதோடு சரி. ஆனால் ஒன்று சொல்கிறேன், கதவு முழுசாகத் திறந்தால் ஒரு மீட்டர் இடத்தை அடைக்கும், அதைவிடக் கூடுதலாகத் தள்ளித்தான் போக வேண்டும். தூரத்திலேயே பின்கண்ணாடி வழியாக உள்ளே தலை தெரிகிறதா பாருங்கள், பிரேக் விளக்கு இப்போதுதான் அணைந்ததா பாருங்கள், ஆள் இறங்கப் போகிறார் என்று அர்த்தம். கார் ஓட்டுகிறவர்களும் வலதுபக்கக் கதவை இடது கையால் திறந்து பழகலாம். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிறவர் கண்ணில் படுவார். இங்கிலாந்தில் 2022-ல் திருத்திய சாலை விதிகளிலேயே இதைச் சேர்த்துவிட்டார்கள். அப்புறம் ஹெல்மெட், தாடைப் பட்டை இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும், சும்மா தலையில் கவிழ்த்துக்கொண்டு போவதால் பிரயோஜனம் இல்லை.

தாம்பரம் அக்கா:
எனக்கு பஸ். என்னைத் தாண்டிப் போய் ஸ்டாப்புக்காக அப்படியே இடதுபக்கம் ஒடித்தார். முன்பாதி என்னைக் கடந்துவிட்டதால் அவர் கணக்கில் நான் இல்லவே இல்லை. நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் நான், பின்சக்கரத்தின் நட்டுகள் முழங்காலுக்குப் பக்கத்தில் சுழல்கின்றன. படிக்கட்டில் நின்ற பையன் பஸ்ஸின் பக்கத்தைப் படபடவென்று தட்டிக் கத்தவும்தான் வண்டி நின்றது. இன்றைக்கும் பஸ் வேகம் குறைத்தால் நான் பின்னாலேயே நின்றுவிடுவேன், இடதுபக்கச் சந்தில் நுழைய மாட்டேன். ஆபீசுக்கு லேட்டானால் ஆகட்டும்.

பெல்லடி மன்னன்:
இதற்குத்தான் நான் எப்போதும் எதிர்ப்பக்கமாகப் போகிறேன். வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியும், முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறதோ என்ற பயமே இல்லை.

கோவை மிதிவண்டி:
மன்னா, தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். எதிரே பார்த்துப் போவது நடப்பவர்களுக்குச் சரி, நமக்கு இல்லை. நீங்கள் 15, கார் 40 என்றால் எதிரெதிரே 55-ல் நெருங்குகிறீர்கள், ஒரே திசையில் என்றால் 25 தான். அவிநாசி ரோட்டில் எனக்கு நடந்ததைக் கேளுங்கள். சந்திலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறிய பைக்காரர் வண்டி வரும் வலதுபக்கத்தை மட்டும் பார்த்தபடியே இடதுபுறம் திரும்பினார், எதிர்த்திசையில் வந்த பள்ளிக்கூடப் பையன், அரசு கொடுத்த சைக்கிள், நேராக அவர் மேலேயே மோதினான். பின்னால் வந்த நான் இருவரையும் தவிர்க்கப் போய் மண்ணில் இறங்கினேன். பையனுக்கு உதடு கிழிந்திருந்தது. ரத்தத்தைத் துடைக்காமல், "அண்ணா, வளைஞ்ச ஹேண்டில்பாரை நிமிர்த்த முடியுமா, வீட்ல திட்டுவாங்க" என்றுதான் கேட்டான்.

அடையாறுவாசி:
ஈரோட்டுக்காரருக்கு: ஒரு மீட்டர் தள்ளிப் போய்ப் பாருங்கள் எங்கள் ஊரில். பின்னால் ஹாரன் காதைக் கிழிக்கும், "வூட்ல சொல்லிட்டு வந்தியா" என்ற விசாரிப்பும் கிடைக்கும். ஒட்டிப் போனால் கதவு, தள்ளிப் போனால் திட்டு. இப்போது திட்டு வாங்கிக்கொண்டு தள்ளித்தான் போகிறேன்.

ஈரோட்டுக்காரன்:
அதைத்தானே சார் நானும் சொன்னேன். சரி, பின்னால் சிவப்பு விளக்கு இருக்கிறதா? பகலிலும் போடுங்கள்.