ஸ்பெட்சஸ் தீவின் அர்மாத்தா: எரியாத கப்பலை ஆண்டுதோறும் எரிப்பது சரியா?

நடுக்கடல்:
கப்பலில் எஞ்சின் பக்கம் வேலை எனக்கு. ஒரு செப்டம்பரில் கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தில் நாலு நாள் நின்றோம். இரண்டு நாள் லீவு கிடைத்தது, வேகப்படகு பிடித்து ஸ்பெட்சஸ் தீவுக்குப் போனேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம். அன்றைக்கு அங்கே அர்மாத்தா திருவிழா. செப்டம்பர் 8-ஐ ஒட்டி வரும் சனிக்கிழமை இரவில் நடக்கும்.

கிரேக்கர்கள் ஒட்டோமன் துருக்கியரின் ஆட்சியை எதிர்த்துப் புரட்சி செய்த காலம் அது. 1822-இல் அதே செப்டம்பர் 8-இல் (பழைய நாட்காட்டிப்படி) ஒட்டோமன் கடற்படை இந்தத் தீவின் முன்னால் வந்து நின்றது. நாஃப்ளியோ கோட்டையில் முற்றுகையில் சிக்கிய தங்கள் ஆட்களுக்கு உணவும் ஆயுதமும் கொண்டுபோகும் கப்பல்கள் அவை. ஸ்பெட்சஸ், ஹைட்ரா, ப்சாரா என்ற மூன்று தீவுகளின் கப்பல்கள் எதிர்த்து நின்றன. எல்லாம் தானிய வியாபாரக் கப்பல்கள். கடற்கொள்ளையருக்குப் பயந்து முன்பே பீரங்கி ஏற்றி வைத்திருந்தார்கள், அதுதான் போரில் கைகொடுத்தது. கோஸ்மாஸ் பார்பாட்சிஸ் என்ற உள்ளூர் மாலுமி தீக்கப்பலோடு (எதிரிக் கப்பலில் மோதவிட்டுக் கொளுத்தும் கப்பல்) எதிரியின் தலைமைக் கப்பலை நோக்கிப் போனார். கடைசியில் அந்தப் படை பின்வாங்கியது.

திருவிழாவில் அந்தத் தலைமைக் கப்பலைப் போல ஒன்றைச் செய்து, துறைமுகத்துக்கு முன்னால் மிதக்கவிட்டு எரிக்கிறார்கள். ஒலிபெருக்கியில் போர்க்கதை ஓடுகிறது. பாய்மரம் சரிந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். என் பக்கத்தில் நின்ற பெரியவர் மட்டும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். ஒரு ஊர் தன் வரலாற்றை இப்படித்தான் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. உங்கள் கருத்து?

ஓலைச்சுவடி:
தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தத் தலைமைக் கப்பல் எரியவே இல்லை. பார்பாட்சிஸ் நெருங்குவதைப் பார்த்ததும் திசைமாறி விலகிப் போய்விட்டது. தலைமைக் கப்பல் நிஜமாகவே எரிந்தது அதே 1822 ஜூனில், கியோஸ் தீவுக்குப் பக்கத்தில். எரித்தவர் ப்சாராவின் கனாரிஸ். கப்பலோடு தளபதியும், அவரோடு ஏராளமான மாலுமிகளும் மாண்டார்கள்.

ஸ்பெட்சஸின் பெருமை ஒரு ஆள் உயிரைப் பணயம் வைத்துப் போய், எதிரியைத் திரும்ப வைத்ததுதான். அதை விட்டுவிட்டு, நடக்காத ஒரு தீயைக் காட்டிக் கைதட்ட வைக்கிறார்கள். இன்னொன்று, புரட்சிக்கு முன் ஒட்டோமன் கடற்படையில் மாலுமி வேலை பார்த்தவர்களில் நிறையப் பேர் கிரேக்கத் தீவுக்காரர்கள். ஹைட்ராவும் ஸ்பெட்சஸும் சுல்தானின் கப்பல்களுக்கு ஆள் அனுப்பிய தீவுகள். எரிகிற அந்தக் கப்பலில் யாருமே இல்லாத மாதிரி கைதட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நடுக்கடல்:
அக்கா, அந்த மக்கள் அன்றைக்கு எந்தப் பயத்தில் இருந்தார்கள் என்று பாருங்கள். அந்த வசந்த காலத்தில்தான் கியோஸில் ஆயிரக்கணக்கானவர்களை வெட்டினார்கள், அடிமைகளாக விற்றார்கள். இரண்டே ஆண்டில், 1824-இல், ப்சாராவும் அழிந்தது. ஸ்பெட்சஸில் படை இறங்கியிருந்தால் இதே கதிதான். அன்று ஊரில் பெண்களும் சில ஆண்களும்தான் மிச்சம். கரையோரச் செடிகளின் தண்டுகளில் சிவப்புக் குல்லாய்களை மாட்டி வைத்து, கரை முழுக்க ஆள் நிற்பதுபோல் காட்டினார்கள் என்று ஒரு கதை இன்றும் சொல்கிறார்கள். கதையோ நிஜமோ, தப்பித்தோம் என்ற உணர்வு அதில் இருக்கிறது. கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் பனாயியா அர்மாத்தா என்று மாதாவுக்குக் கோயில் கட்டியதும் அதே நன்றியில்தான். தீயில் அவர்கள் பார்ப்பது தங்கள் பயம் எரிவதை.

ஓலைச்சுவடி:
கோயில் போருக்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே கட்டியது. அதை நானும் மதிக்கிறேன். ஆனால் இந்தத் திருவிழா 1931-இல்தான் தொடங்கியது. போர் முடிந்து நூறு ஆண்டு கழித்து ஒரு தலைமுறை யோசித்து உருவாக்கிய வடிவம். அப்படியென்றால் இன்னொரு தலைமுறை யோசித்து மாற்றவும் செய்யலாம். குல்லாய்க் கதையையே நடிக்கலாமே? பெண்கள் தீவைக் காத்த கதை. அதில் யாரும் வேக வேண்டியதில்லை.

கரைவலை:
இரண்டு பேரும் போரிலேயே நிற்கிறீர்கள். எனக்குப் படகு பற்றித்தான் கவலை. 1990-களிலிருந்து மீன்பிடி உரிமத்தைத் திருப்பிக் கொடுப்பவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியப் பணத்தில் இழப்பீடு கொடுத்தார்கள். அதற்காக கிரேக்கத்தில் ஆயிரக்கணக்கான மரப்படகுகளை உடைத்துப் போட்டார்கள். தாத்தா கையால் இழைத்த படகின் விலாவில் இயந்திரம் ஏறி நசுக்கும். ஸ்பெட்சஸின் பழைய துறைமுகத்தில் இன்னும் படகுப் பட்டறைகள் இருக்கின்றன. அந்தத் தச்சர்களிடம் வருடம் ஒரு சின்னப் படகு கட்டச் சொல்லி, திருவிழா அன்று கடலில் இறக்கினால் என்ன? வரைபடத்தை வைத்து மட்டும் அந்தக் கைவேலையைக் கற்றுக்கொள்ள முடியாது. பக்கத்தில் நின்று பார்த்துத்தான் வரும். அந்தத் தீவு 1821-இல் போருக்குப் போனதே அந்தத் தச்சர்களின் கையால்தான்.

மழைக்காகம்:
கப்பலை விடுங்கள், அதோடு விடும் வாணவேடிக்கைதான் எனக்குப் பயம். 2024 ஜூனில் பக்கத்துத் தீவான ஹைட்ராவில் பைன் காடு எரிந்தது. ஒரு உல்லாசப் படகிலிருந்து விட்ட வாணம்தான் காரணம் என்று படகு ஊழியர்கள் 13 பேரைக் கைது செய்தார்கள். அது திருவிழா வாணம் இல்லைதான். ஆனால் செப்டம்பர் மாதக் காடும் அதே அளவு காய்ந்துதான் கிடக்கும். ஸ்பெட்சஸிலும் பைன் காடு இருக்கிறது.

நடுக்கடல்:
வாணம் வேண்டாம் என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன். கரைவலை அண்ணன் சொன்ன படகும் நல்ல யோசனை. ஆனால் இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும். தண்ணீர் நடுவில் எரியும் கப்பலை நிறுத்தினால் அந்தத் திருவிழாவுக்கு மக்கள் வருவார்களா?

ஓலைச்சுவடி:
சரி, எரிக்கட்டும். ஆனால் எரிந்த இன்னொரு கப்பலின் கதையையும் ஒலிபெருக்கியில் சொல்லட்டும். ஸ்பெட்சஸின் பூபுலினாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சொந்தப் பணத்தில் 'அகமெம்னோன்' என்ற போர்க்கப்பலைக் கட்டி, தானே நடத்திப்போன பெண். பிற்பாடு அந்தக் கப்பல் கிரேக்க அரசின் கைக்குப் போனது. 1831-இல் போரோஸ் துறைமுகத்தில் அதைக் கொளுத்தியது துருக்கியர் இல்லை. கிரேக்கர்களின் மாபெரும் தளபதி மியாவுலிஸ். அன்றைய நாட்டுத் தலைவர் கபோடிஸ்ட்ரியாஸுடன் ஏற்பட்ட உள்நாட்டுச் சண்டையில், நியூயார்க்கில் கட்டிய பெரிய கப்பல் 'ஹெல்லாஸ்' உட்படத் தன் நாட்டுக் கப்பல்களையே அழித்தார். இன்றும் அவர் இதயத்தை ஹைட்ராவில் பேழையில் வைத்திருக்கிறார்கள். அவர் பெயரில் ஜூனில் ஒரு விழா எடுத்து, அங்கேயும் படகை எரிக்கிறார்கள். போரோஸ் கதையை மேடையில் சொல்லத் துணிந்தால் நானே டிக்கெட் எடுத்துப் போவேன்.

நடுக்கடல்:
அக்கா, அகமெம்னோன் அப்படிப் போனது எனக்குத் தெரியாது. பூபுலினா வீட்டை இப்போது அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், அங்கே போனேன். 1825-இல் ஒரு குடும்பத் தகராறில் அவரைச் சுட்டுக் கொன்றதை வழிகாட்டிப் பெண் மறைக்காமல் சொன்னார். அதனால் இதையும் சொல்வார்கள் என்று நம்புகிறேன்.

திருவிழாவுக்கு மறுநாள் காலையில் படகுத்துறைக்கு வந்தபோது, கரியேறிய பலகைகள் தண்ணீரில் மிதந்தன. மீன்பிடிக்கப் புறப்பட்ட ஒருவர் தன் மரப்படகின் முனையில் குனிந்து, ஒவ்வொன்றாகத் துடுப்பால் தள்ளி ஒதுக்கிவிட்டுத்தான் எஞ்சினை முடுக்கினார். அந்தப் படகுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்கும். கரைவலை அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் அந்தப் படகுதான் ஞாபகம் வந்தது.