மறு: மறு: 'காம்பர்': முகாமரா, நொச்சியாளரா?

ஐயாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

கணினி விளையாட்டுச் சொற்களுக்கு நாம் தமிழ்ச்சொல் பட்டியல் போடும் மடல்களை மூன்று நாளாக வாசித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். 'காம்பர்' (camper) என்பதற்கு 'முகாமர்' என்ற சொல்லை வைக்க நான்கு பேர் சம்மதம் சொல்லியிருப்பதை இன்று காலை கண்டதும் இருப்புக்கொள்ளவில்லை.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். நம்மில் பாதிப்பேர் இந்த விளையாட்டுகளைப் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தவர்கள்தானே. ஓடித்திரிந்து சண்டை பிடிக்காமல் கதவுக்குப் பின்னாலோ மாடிப்படிக்குக் கீழோ குந்தியிருந்து, வருகிறவனை வந்த கையோடு சுடுகிறவன் காம்பர். 1996இல் குவேக் என்ற சுடும் விளையாட்டு வந்த காலத்திலேயே இந்தக் குற்றச்சாட்டு உண்டு. அதில் ரொக்கெட் லோஞ்சர் எடுக்கப்பட்ட இடத்திலேயே சிறிது நேரத்தில் திரும்பவும் தோன்றும். அந்த இடத்தை விட்டு அசையாமல் நிற்கிறவனை மற்றவர்கள் திட்டுவார்கள். ஆக, பிறந்த நாளிலிருந்தே அது ஒரு வசைச்சொல். நம் பட்டியலில் அதை 'ஓரிடத்தில் தங்கி விளையாடுபவர்' என்று விளக்கியிருப்பது, திருடனை 'பிறர் பொருளை எடுத்துச் செல்பவர்' என்று மரியாதையாகச் சொல்வது போல இருக்கிறது.

இனி முகாமர். காம்ப் என்றால் முகாம், சரி. ஆனால் திருகோணமலையில் முகாம் என்ற சொல்லைச் சொன்னதும் யாருக்கும் விளையாட்டு நினைவுக்கு வராது. இடம்பெயர்ந்து இருந்த முகாம் வரும், 2004 மார்கழியில் கடல் வந்த பிறகு இருந்த முகாம் வரும். முகாமில் பிறந்த பிள்ளைகள் எங்கள் ஊரில் இன்று வளர்ந்து போனில் இதே விளையாட்டை விளையாடுகிறார்கள். அவர்களிடம் போய், ஒளிந்திருந்து சுடுகிறவனுக்கு முகாமர் என்று பெயர் என்று என்னால் சொல்ல முடியாது.

'பதுங்குநர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதிலும் எனக்கு ஒரு முள் குத்துகிறது. பதுங்கு குழிக்குள் நான் இருந்திருக்கிறேன். மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண்மூட்டை, உள்ளே அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நாங்கள் மூன்று பேர். பதுங்குவது உயிர் தப்புவதற்கு. காம்பர் இருப்பது உயிர் எடுப்பதற்கு. புலி பதுங்குவது பாய்வதற்கு என்பார்கள் என்று பதில் வரும், தெரியும். காம்பர் பாயவே மாட்டான் என்பதுதான் அவன் மேல் உள்ள வழக்கே!

பழைய சொல் வேண்டுமென்றால் 'பதிவிருத்தல்' இருக்கிறது. ஒளிந்து காத்திருத்தல் என்றே பொருள், அச்சொட்டாகப் பொருந்தும். ஆனால் அதைச் செய்பவரைப் பதிவர் என்று சொல்லிப் பாருங்கள். வலைப்பூ எழுதும் நம் நண்பர்கள் எல்லோரும் துப்பாக்கியோடு மூலையில் நிற்பார்கள்.

ஐயா முன்வைத்த நொச்சிக்கு வருகிறேன். வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை என்று போர்முறைகளுக்குப் பூவின் பெயரால் ஒரு முழு வரிசையே நம்மிடம் இருக்கும்போது வெளியில் எதற்குத் தேட வேண்டும் என்று கேட்டீர்கள். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் உழிஞை மதிலை முற்றுகையிடுபவனுடையது, நொச்சி தன் மதிலைக் காப்பவனுடையது. காம்பருக்கு மதிலும் இல்லை, காக்க வேண்டிய ஊரும் இல்லை. (எங்கள் திருகோணமலைப் பிரெட்ரிக் கோட்டையில் நொச்சி வென்ற கதை குறைவு என்பது வேறு விஷயம். 1639இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1782இல் ஒரே வருடத்துக்குள் ஆங்கிலேயர் பிடிக்க, பிறகு பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். 1795இல் திரும்பவும் ஆங்கிலேயர். இப்போது உள்ளே மான்கள் மேய்கின்றன.)

நொச்சியை நான் தூக்கி எறியவில்லை. வேறு இடத்தில் வைக்கச் சொல்கிறேன். கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கு ஐந்து பேர். ஒரு பக்கம் குறித்த இரண்டு இடங்களில் ஒன்றில் குண்டு வைக்க வேண்டும், மறுபக்கம் தடுக்க வேண்டும். சுற்றுக்கு 1 நிமிடம் 55 வினாடி. நேரம் கரையக் கரைய வேர்ப்பது குண்டு வைக்க வந்தவனுக்குத்தான். அதனால் தடுப்பவன் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பது அவனுடைய வேலை. அதை யாரும் காம்ப் என்று சொல்வதில்லை. குண்டு வைத்துவிட்டாலோ, 40 வினாடிக்குள் வந்து செயலிழக்கச் செய்ய வேண்டியது தடுத்தவன் பாடு. வைத்தவன் இப்போது காவல் நிற்கிறான். உழிஞையும் நொச்சியும் அரை நிமிடத்தில் பூ மாற்றிக்கொள்கின்றன. ஐயாவின் திணைகளுக்கு இதைவிட நல்ல வயல் கிடைக்காது. அங்கே உழிஞையார், நொச்சியார் என்றே சொல்லலாம். அசையாமல் நிற்கும் செயலுக்கு 'நிலைகாத்தல்' போதும்.

இன்னொன்று. நிற்கிறவனுக்குத்தான் எப்போதும் வசதி என்று இங்கே இருவர் எழுதியிருந்தீர்கள். இணையத்தில் அது முழுக்கச் சரியில்லை. நான் ஒரு சுவர் மூலையைப் பார்த்துத் துவக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். எதிராளி திரும்பி வருகிறான். அவன் திரையில் நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன், செய்தி பழையதானாலும் பிழையில்லை, நான்தான் அசையவில்லையே. ஆனால் அவன் திரும்பிவிட்டான் என்ற செய்தி அவனிடமிருந்து வழங்கிக்கு (server) போய், அங்கிருந்து கடல் தாண்டி என் வீட்டு ரௌட்டருக்கு வந்து சேர வேண்டும். அதற்குள் அவன் என்னைக் கண்டுவிட்டான். மழை நாளில் பிங் (செய்தி போய்வர எடுக்கும் நேரம்) ஏறிவிட்டால் கேட்கவே வேண்டாம், செத்த பிறகுதான் ஆளைக் காண்கிறோம். எட்டிப் பார்ப்பவனுக்குக் கிடைக்கும் இந்தச் சலுகைக்கு 'முந்துகாட்சி' என்ற சொல்லைத் தருகிறேன். பிடிக்காவிட்டால் கிழித்துப் போடுங்கள்.

சரி, காம்பருக்கு நான் தரும் சொல்லுக்கு வருகிறேன். 2003, 2004 அளவில் உவர்மலைப் பக்கம் எட்டுக் கணினி வைத்து ஒரு நெட் கபே நடத்தினேன். பின்னேரம் ரியூஷன் விட்டதும் பெடியள் வந்துவிடுவார்கள். கம்பியால் இணைத்த கணினிகள், எதிரி மூன்றாம் கதிரையில் இருக்கிறான். 'மச்சான், பெட்டிக்குப் பின்னால காம்ப் அடிக்கிறான்டா' என்று ஒருவன் கத்துவான். அடிபட்டவன் எழும்பிப் போய்க் கதிரையை ஒரு உதை விடுவான். அந்தச் சத்தத்துக்குள் ஒருநாள் கிண்ணியாவிலிருந்து வரும் பெடியன் ஒருவன் சொன்னான்: 'இவன் கொக்கு மாதிரி நிக்கிறான்.' அன்று முதல் அந்த ஆளுக்குப் பெயர் கொக்கு. இன்று இரண்டு பிள்ளைகளின் தகப்பன், இப்போதும் கொக்குதான்.

கிண்ணியாப் பாலத்தால் போகிறவர்கள் கீழே ஆழமில்லாத தண்ணீரைப் பாருங்கள். கொக்கு ஒற்றைக் காலில் நிற்கும். காற்று அடிக்கும், தோணி போகும், கழுத்துக்கூட அசையாது. சிறு மீன்களை விட்டுவிட்டு உறுமீனுக்குக் காத்திருப்பதை நாமெல்லாம் பள்ளியில் படித்தோம். பிறகு ஒரே குத்து. காம்பரை இதைவிடத் தெளிவாக யாரும் படம் பிடிக்க முடியாது. வினையும் தானாக வருகிறது: கொக்கிருத்தல், கொக்கிருந்தான், கொக்கிருப்பு. 2017இல் பப்ஜி என்ற விளையாட்டு நூறு பேரைத் தீவில் இறக்கிவிட்டு வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வந்தது. வெளியே நின்றால் உயிர் குறையும். கொக்குகளை எழுப்பும் வழி அதுதான், குளத்தையே வற்ற வைப்பது. உவமை இவ்வளவு தூரம் தானாக நடந்து வந்தால் சொல் சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

பட்டியலின் மற்றச் சொற்களில், கிளானுக்கு (clan) 'குலம்' வேண்டாம், சாதி மணக்கிறது. 'படையணி' எங்கள் பக்கத்தில் வேறு கதை. இலங்கைப் பத்திரிகைகளில் கிரிக்கெட்டுக்கு எழுதும் 'குழாம்' இருக்கிறதே? நிரந்தரமாகச் சேர்ந்திருப்பவர்கள் குழாம், அன்றைய ஆட்டத்தில் இறங்குபவர்கள் அணி. ஆட்டக்காரர் வந்து தோன்றும் இடமான ஸ்போனை (spawn) 'சினை' என்று போட்டவர் யாரோ தெரியாது, மீன் விற்கிற ஊரில் சிரிப்பார்கள். 'முளைப்பிடம்' என்று மாற்றிவிடலாம்.

அன்புடன்,
உவர்மலையிலிருந்து

* * *

தம்பி,

முகாமரை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன கோணத்தில் நான் யோசிக்கவில்லை. நொச்சியை இடம் மாற்றி வைத்ததிலும் எனக்கு வருத்தம் இல்லை, பூ வாடாமல் இருந்தால் சரி.

கொக்கில்தான் ஒரு தடை. வள்ளுவர் காலமறிதலில் அரசனைக் கொக்குப் போல ஒடுங்கியிருக்கச் சொல்கிறார், காலம் வந்ததும் அதன் குத்தைப் போலக் காரியத்தை முடிக்கச் சொல்கிறார். அங்கே கொக்கு பாராட்டு. நீங்கள் அதையே வசையாக்குகிறீர்கள். வசை என்று நீங்களே அடித்துச் சொன்ன பிறகு, பாராட்டுச் சொல்லைக் கொண்டு வந்து வைப்பது முரண் இல்லையா?

* * *

ஐயா,

நல்ல கேள்வி, இரவு முழுக்க யோசித்தேன். பெடியளும் அப்படித்தான். தங்கள் அணிக்காரன் மூலையில் நின்று நான்கு பேரைச் சாய்த்தால் 'என்ன பொறுமை பார்' என்பார்கள். எதிரணிக்காரன் அதையே செய்தால் காம்பர். குற்றம் செயலில் இல்லை, யார் செத்தது என்பதில் இருக்கிறது. கொக்கு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. வள்ளுவருக்கும் சரி, மூன்றாம் கதிரைக்காரனுக்கும் சரி.

ஆனாலும் என் நியாயத்தை நம்பாமல் நேற்றுப் பின்னேரம் தங்கச்சியின் மகனிடம் சொல்லைக் கொடுத்துப் பார்த்தேன். பதினைந்து வயது, போனில் ப்ரீ பயர் விளையாட்டில் இருந்தான். 'கொக்கிருக்கிறான்' என்று சொல்லச் சொன்னேன். முகத்தைச் சுளித்தான். 'அது பாட்டுப் பாடுற மாதிரி இருக்கு மாமா. கொக்கடிக்கிறான் எண்டு சொல்லலாம்' என்றான். காம்ப் அடிக்கிறான், ஆகவே கொக்கடிக்கிறான். அவன் கணக்கு அவனுக்குச் சரி.

கொக்கடிப்பது என்றால் கொக்கை வேட்டையாடுவதல்லவா என்று கேட்டேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு குளூ வால் என்ற தடுப்புச் சுவர் ஒன்றை வைத்து, அதைச் சுற்றி ஓடி, வீட்டு மூலைக்குள் குந்தியிருந்த ஒருவனைச் சுட்டுவிட்டு நிமிர்ந்தான்.

'அப்ப இதுதான் கொக்கடிக்கிறது.'

பட்டியலில் இரண்டையும் போட்டுவிடுங்கள் ஐயா. ஒளிந்து நிற்பது கொக்கிருத்தல். அவனைத் தேடிப் போய் முடிப்பது கொக்கடித்தல்.